அடித்தல் திருத்தலுக்கு ஒரு கையெழுத்து

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய நுண்ணுயிரியல் பாடப்புத்தகம் கிடக்கிறது. அட்டை எப்போதோ போய்விட்டது. பிளேக் நோய்க் கிருமியைப் பற்றிய பக்கத்தில் 'பாஸ்டுரெல்லா பெஸ்டிஸ்' என்று அச்சாகியிருந்த பெயரை நீல மையால் அடித்து, மேலே 'யெர்சினியா பெஸ்டிஸ்' என்று எழுதியிருக்கிறேன். எழுபதுகளில் சேலத்தில் கல்லூரியில் படித்தபோது, கிருமியின் பெயர் மாறிவிட்டது, திருத்திக்கொள்ளுங்கள் என்று பேராசிரியை சொன்னார். வகுப்பே குனிந்து திருத்தியது. ஏன் மாற்றினார்கள் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அந்தத் திருத்தத்தின் பக்கத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. அது அன்று போட்டதல்ல, பின்னால் என் மாமனார் போடவைத்தது.

மாமனாருக்கு நாமக்கல் பக்கம் தோட்டமும் கிணறும், பின்னாளில் ஒரு கோழிப்பண்ணையும். உர மூட்டையில் கம்பெனியின் பெயர் மாறியிருந்தால் ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பார்க்காமல் வாங்கமாட்டார். திருச்செங்கோடு போகிற பஸ்ஸுக்கு முதலாளி மாறிப் புதுப் பெயர் எழுதியபோது, உள்ளே பழைய டிரைவர்தான் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்த பிறகே ஏறினார். "பேர மாத்தறவன் எதையோ மறைக்கிறான்" என்பார். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு எரிச்சலாகிவிட்டது, காரணம் அந்தச் சந்தேகம் என் மேலும் திரும்பியது. கோழி நோய்களைச் சோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை. மாலையில் வந்ததும் கிணற்றடியில் கைகால் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். நான் உள்ளே போன பிறகு, சோப்பு ஈரமாக இருக்கிறதா என்று அவர் போய்ப் பார்ப்பதை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். பற்றிக்கொண்டு வரும்.

நான் என்ன படித்தேன் என்று ஒருநாள் கேட்டார். பெருமையாக இந்தப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். பிளேக் என்றதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு தள்ளி நின்றே எட்டிப் பார்த்து, "இதென்ன அம்மிணி, அடிச்சுப்போட்டு எழுதியிருக்குது?" என்றார். அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். கிருமிக்கு இரண்டு பெயர். முதல் பெயர் நம் குலத்தைச் சொல்லும் கூட்டத்துப் பெயர் மாதிரி, இரண்டாவது அதன் சொந்தப் பெயர். பாஸ்டுரெல்லாக் கூட்டத்தோடு இதற்கு ஒட்டவில்லை என்று கண்டுபிடித்து யெர்சினியாக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொறந்த கூட்டத்த உட்டுப்போட்டு இன்னொரு கூட்டத்துக்குப் பொம்பளதான் போவா. கிருமி போகுமா?" என்றவர், "பத்தரத்துல அடிச்சு எழுதுனா பக்கத்துல கையெழுத்து வேணும். இதுல எங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அவர் சிறுவனாக இருந்தபோது வீட்டுக் கூரை மோட்டிலிருந்து எலிகள் செத்து விழுந்ததையும், சந்தை நின்றுபோகும் என்று பயந்த ஊர்ப்பெரியவர்கள் அதை 'வெறும் காய்ச்சல்' என்று சொன்னதையும், அதை நம்பி ஊரிலேயே தங்கிய அவருடைய அம்மா இறந்துபோனதையும் என் கணவர்தான் பிறகு எனக்குச் சொன்னார். எலி விழுந்தால் ஊரைவிட்டுப் போய்க் காட்டில் சாளை என்கிற குடிசை போட்டுக்கொள்வதுதான் அந்தக் காலத்து வழக்கம். பெயரைச் சரியாகச் சொல்லியிருந்தால் அவர்களும் போயிருப்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பண்ணையில் கோழிகள் சுருண்டு விழ ஆரம்பித்தன. செத்த கோழி ஒன்றை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். வந்த முடிவு கோழிக் காலரா. அதன் கிருமி பாஸ்டுரெல்லா மல்டோசிடா, கோழிகளைக் கொல்லுமே தவிர பிளேக் அல்ல. வாசலுக்கு வந்ததுமே கணவரிடம் பெயரைச் சொன்னது மாமனாரின் காதில் விழுந்துவிட்டது. அன்று பார்த்துத் தீவன அறையில் என் கணவர் வைத்த மருந்தைத் தின்ற எலி ஒன்றும் செத்துக் கிடந்தது. நான் கிணற்றடியில் கை கழுவிவிட்டு வருவதற்குள், எங்கள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்தின் கோடியில் இருந்த ஓலைச் சாளைக்கு நடந்துவிட்டார்.

பின்னாலேயே ஓடினேன். வரப்பிலேயே நிற்கச் சொல்லிக் கையை நீட்டினார். உள்ளே குழந்தை என்னைப் பார்த்து அழுதது. பாலூட்டும் நேரம் வேறு, எனக்கு மார் கனத்து வலித்தது.

"மாமா, இது கோழிக்கு வர்ற நோவுங்க. அது வேற, இது வேறங்க."

"அன்னைக்கு அதுக்கும் பாஸ்டுரெல்லான்னுதான பேரு சொன்ன? அத அடிச்சுப்போட்டு வேற எழுதிக்கிட்டு, அதே பேர இப்பக் கோழிக்கு வெக்கறீங்க. காச்சல்னாங்க, நம்புனோம். எங்கம்மாள எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. இந்தப் புள்ளையத் தரமாட்டன்."

எனக்குக் கோபம் போய்விட்டது. திரும்பி வீட்டுக்கு ஓடிப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்து வந்தேன். வரப்பில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். பிளேக் கிருமியைச் சோதித்தால் எப்படித் தெரியும், கோழிக் கிருமி எப்படித் தெரியும், இரண்டையும் பிரித்தது எதனால் என்று, படித்ததையும் என் கண்ணால் பார்த்ததையும் சொன்னேன். பாதி அவருக்குப் புரிந்திருக்காது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நாளைக்கு இது பொய்யாப் போனா, நான் யாரக் கேக்கோணும்?"

"என்னையக் கேளுங்க மாமா" என்று சொல்லி, அடித்தலின் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் புத்தகத்தை வாங்கி, மை காயும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குழந்தையை என் கையில் கொடுத்தார்.

சில வருடங்கள் கழித்து ஆய்வகத்துக்கு வந்த ஓர் இதழில் ஒரு செய்தி படித்தேன். பிளேக் கிருமியும் அதைவிடச் சாதுவான இன்னொரு கிருமியும் ஏறக்குறைய ஒன்றே என்று கண்ட சிலர், பிளேக் கிருமியை அந்தச் சாதுக் கிருமியின் பெயருக்குக் கீழே கொண்டுவரப் பார்த்திருக்கிறார்கள். பெயர்களைத் தீர்மானிக்கும் உலகக் குழு அதை ஏற்கவில்லை. பெயர் குழம்பினால் ஆட்களுக்கு ஆபத்து என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். சாயங்காலம் மாமனாரிடம் இதைச் சொல்லி, "நீங்க சொன்னதையேதான் அவங்களும் சொல்லியிருக்காங்க" என்றேன். மகிழ்வார் என்று நினைத்தேன். மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "எங்கம்மாளுக்கு வந்தத காச்சல்னு மாத்துனாங்களே, அதுக்கு எவன் அம்மிணி கையெழுத்துப் போட்டான்?" என்று கேட்டார்.

சாளைக்குத் தூக்கிப்போன அந்தக் குழந்தை இப்போது டாக்டர். போன மாதம் வந்தவள் இழுப்பறையைக் குடைந்து இந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "பாடப்புத்தகத்துல யாரும்மா கையெழுத்துப் போடுவாங்க?" என்று சிரித்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுப் புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். என் கையெழுத்து மை மங்கியும் படிக்கிற மாதிரிதான் இருக்கிறது. மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய அம்மாவின் நோயைக் காய்ச்சல் என்று மாற்றிய அந்த அடித்தலுக்கு மட்டும் இன்னும் யாரும் கையெழுத்துப் போடவில்லை.