வீட்டுக்காரர் பெயர் கட்டாயம்

நேற்று ரத்தப் பரிசோதனைக்குச் செல்போனிலேயே பதிவு செய்தேன். ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டதற்குச் சிவப்பெழுத்தில் அதட்டியது. கோபம் வரவில்லை, ஜோதி ஞாபகம்தான் வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு முதல் வேலை. ஸ்கிரீன் போடுவது, அதாவது விவரங்களை அடிக்கும் கட்டங்களைத் திரையில் அமைப்பது. இன்று அதற்குப் பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். அப்போது நீலத் திரையில் மஞ்சள் எழுத்து, சுற்றிலும் கல்யாணப் பத்திரிகை மாதிரி இரட்டைக் கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்கே மூன்று நாள் மெனக்கெட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு, நோயாளிகளைப் பதிவு செய்ய ஒரு ஸ்கிரீன் போட்டுக் கொடுத்தேன். அந்த ஊரில் பெண்களிடம் பெயர் கேட்டால் ஆண்டாள் என்பார்கள், இல்லாவிட்டால் கோதை. ஆள் மாறிவிடக் கூடாதே என்று, கல்யாணமான பெண்களுக்கு வீட்டுக்காரர் பெயரைக் கட்டாயமாக்கினேன். அதை அடிக்காமல் கர்சர் அடுத்த கட்டத்துக்கு நகராது. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

பத்தே நாளில் டாக்டர் கூப்பிட்டுவிட்டார். வரிசை கேட் வரைக்கும் நிற்கிறதாம். போய், நானே நாலு பெயரை இஷ்டத்துக்கு அடித்துப் பார்த்தேன். சிட்டாய்ப் பறந்தது.

"புரோகிராம் சரியாத்தான் சார் இருக்கு. ஆபரேட்டர்தான் ஸ்லோ" என்று டாக்டரிடம் சொன்னேன்.

அந்த ஆபரேட்டர்தான் ஜோதி. மகாராஜபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. "சார், செத்த நேரம் எங்கூட உக்காந்து பாருங்க, பொறவு சொல்லுங்க" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

அடுத்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள். புது ஆள் வரும்வரை என்னை உட்காரச் சொன்னார் டாக்டர். முதலில் வந்த அம்மாவிடம் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"நா எப்படிய்யா சொல்லுவேன்? ஆண்டாளைக் கட்டுனவரு பேருதான்."

ரெங்கமன்னார் என்று கண்டுபிடித்து அடித்து முடிப்பதற்குள், அடுத்த பெண் பின்னால் திரும்பி, "மதினி, அவிய பேரை நீங்க சொல்லுங்க" என்கிறாள். ஜோதி நாள் முழுக்க இந்த விடுகதைகளைத்தான் அவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எங்கள் அம்மாவே அப்பா பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஸ்கிரீன் போடும்போது அந்த ஞாபகம் எங்கே போயிருந்ததோ!

அன்று மத்தியானமே அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டுத் தெருப் பெயரை வைத்தேன். மறுநாள் புதுப் பெண் வந்து உட்கார்ந்தாள். வரிசை வராண்டாவைத் தாண்டவில்லை. டாக்டருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

"பாத்தியா தம்பி, ஆளை மாத்துனதும் எப்படி ஓடுதுன்னு!"

நான் தலையாட்டினேன். வேலை போய்விடுமோ என்ற பயம். வேறு சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை.

இன்று புருஷன் பெயரைச் சொல்லக் கூசுகிற பெண்கள் அந்த ஊரிலும் அபூர்வம். ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் மண்டபம் வந்துவிட்டது. ஜோதி எங்கே இருக்கிறாளோ, தெரியாது. டாக்டரும் காலமாகிவிட்டார். அவள் ஸ்லோ என்று நம்பிக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தார்.