கோடையில் வற்றாத ஊற்று

சந்தவாசலில் உழவுக் குடும்பத்தில் பிறந்த ரேணுகாதேவி கல்லூரியில் படித்தது புவியியல். பாறைக்குள் நீர் நகரும் கணக்குகளைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பாடநூல்களைக் கொண்டு அவர் தாமே போட்டுப் பழகினார். நீரியல் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்ததும், ஜவ்வாது மலையின் ஊற்றுகளை மாதந்தோறும் அளக்கும் வேலை அவரிடம் வந்து சேர்ந்தது. பேருந்து போகாத ஊர்களுக்கு ஏறியிறங்க வேண்டுமென்று மற்றவர்கள் தட்டிக்கழித்த வேலை அது. அவருக்கோ அதுவே வாழ்க்கையாயிற்று.

அந்த ஊற்றுகளில் ஒன்றுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. சாமைக் கொல்லைகளுக்கு மேலே, பாறைப் பிளவிலிருந்து கசிந்து ஒரு சிறு குழியில் சேர்ந்து வழியும் ஊற்று. மற்றவை பங்குனி தாண்டினால் இளைத்துப்போகும். இது மட்டும் சித்திரையிலும், வழியும் நீரை அளக்க அவர் வைக்கும் வாளியை மளமளவென்று நிரப்பியது. ஆழத்தில் பெரிய வெடிப்பொன்று மழைநீரைச் சேமித்து வைத்திருக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். அக்கட்டுரை முதலில் மேலதிகாரி ஒருவர் பெயரில் வெளிவந்தது. தேதியிட்ட களக்குறிப்புகளை ஒவ்வொன்றாக முன்வைத்து அதில் தம் பெயரை ஏற்றுவதற்குள் அவருக்கு நரை கண்டுவிட்டது.

இப்போது அந்தக் கட்டுரையை நம்பி ஒரு திட்டம் வந்திருந்தது. கோடையிலும் உபரி நீர் இருப்பதால், அதைக் குழாய் வழியே கீழே எழும்பும் சுற்றுலா விடுதிக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். ஒப்புதலுக்குத் திருப்பத்தூரில் கூட்டம். அதற்குமுன் கடைசியாக ஓர் அளவு வேண்டும். எப்போதும் மாத முதல் வியாழக்கிழமை முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகிறவர், இம்முறை சித்திரையில் ஒரு திங்கட்கிழமை, காவலூரில் இரவல் வாங்கிய ஸ்கூட்டரில் சொல்லாமலே போய் இறங்கினார்.

ஊற்றில் தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. குழி காலி. குடங்கள் வரிசையில் காத்திருந்தன; முதல் குடத்தருகே மாதம்மாள். ரேணுகாதேவியின் வயதுக்காரர், வரும்போதெல்லாம் சோறு போட்டு அனுப்புகிறவர்.

"இன்னா மேடம், சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க?"

"தண்ணி எங்கம்மா போச்சு?"

மாதம்மாளுக்குப் பின்னால் நின்ற மருமகள் ஈஸ்வரி சிரித்துவிட்டாள். "சொல்லு அத்த. நல்லா மாட்டிக்கினே."

மாதம்மாள் குடத்தைப் பார்த்தபடியே சொன்னார். ஒவ்வொரு கோடையிலும், வியாழனுக்கு முந்தின நாளே பெண்கள் குழியில் தண்ணீர் வழியும் வாயை மண்ணும் தழையும் வைத்து அடைத்துவிடுவார்கள். அன்று அதில் யாரும் மொள்ள மாட்டார்கள். ஓடை மணலைத் தோண்டிக் கிடைத்ததைக் குடித்துக்கொள்வார்கள். மறுநாள் ரேணுகாதேவி பாதைத் திருப்பத்தில் தெரிந்ததும், ஒருத்தி ஓடிப்போய் அடைப்பை வெட்டிவிடுவாள்.

"ஏம்மா இப்பிடிப் பண்ணீங்க?"

"மொத வருசம் கோடையில வந்தீங்க. வாளி பாதிகூட ரொம்பல. மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு சோறுகூட துன்னாம போய்ட்டீங்க. ஆபீசுல உங்கள ஏதோ சொல்லுவாங்கன்னு நெனச்சோம். அவ்ளோ தூரம் வர்றவங்கள வெறும் வாளியோட அனுப்புவோமா?"

"பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு வூட்டப் பெருக்காம இருப்பாங்களா மேடம்?" என்றாள் ஈஸ்வரி.

அந்த முதல் கோடை அளவைப் பழகாத கையின் பிழையென்று தாம் ஒதுக்கிவைத்தது ரேணுகாதேவிக்கு நினைவு வந்தது. பாறைமேல் உட்கார்ந்தார். பாறைக்குள் அவர் கண்டதாக எழுதிய சேமிப்பு, இந்தப் பெண்கள் ஒரு நாள் தாகத்தைத் தள்ளிப்போட்டுச் சேர்த்தது. கோபப்பட முயன்றார், வரவில்லை.

"இதெல்லாம் மிச்சத் தண்ணின்னு எழுதிட்டேம்மா. குழாய் போட்டு எடுத்துக்கினு போகப் போறாங்க."

"அப்ப எங்களுக்கு?"

"நான் எழுதுனது தப்புன்னு போய்ச் சொல்லணும்."

"சொன்னா உங்களத் திட்டுவாங்களா?"

"திட்டுவாங்க."

மாதம்மாள் குடத்தை ஈஸ்வரியிடம் விட்டுவிட்டு எழுந்தார். "அப்ப துன்னுட்டுப் போங்க," என்றார்.

திருப்பத்தூரில், கூட்டத்துக்கு முன் நிறுவனத் தலைவர் பூபாலன் அவரைத் தனியே அழைத்துப் பேசினார். "இந்த வருஷம் மழை குறைவுன்னு ஒரு வரி சேர்த்தா போதும், ரேணுகா. கட்டுரையத் திரும்பப் பெற்றா உங்க பேர் என்ன ஆகும்?"

திருப்பத்தூருக்கு வந்த பேருந்தில் வழிநெடுக ரேணுகாதேவி யோசித்துக்கொண்டு வந்ததும் அதைத்தான். கட்டுரையைத் திரும்பப் பெற்றார். அளக்க வரும் நாளை முன்கூட்டி அறிவித்தது தம் பிழை என்று எழுதிக் கையொப்பமிட்டார். பெண்களின் பெயர் எதையும் எழுதவில்லை. கோடையில் அங்கே உபரி நீர் இல்லையென்று கூட்டத்தில் பதிவாயிற்று. குழாய்த் திட்டம் கைவிடப்பட்டது.

வைகாசியில் மறுபடியும் சொல்லாமல் போனார். ஈஸ்வரி குடங்களை அவசரமாக நகர்த்தினாள். "மேடம் வந்துட்டாங்க, வழி வுடுங்க."

"நீ சும்மா இரு," என்றார் மாதம்மாள். "அவங்களும் வரிசையில வரட்டும். நம்ம தண்ணிய நாம புடிச்சாதான் அவங்க கணக்கு செரியா வரும்."

ரேணுகாதேவி தம் வாளியைக் கடைசிக் குடத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, மாதம்மாளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.