ஒன்பதாம் கட்டில் பெரிய மேடம்

அவளுக்கு அந்த ஆஸ்பத்திரியில் முதுகுக்குப் பின்னால் வழங்கிய பெயர் ரத்தப்பை. பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு நோயாளிக்கு வேறொருவருக்கு வந்த ரத்தம் ஏறிவிட்டது. ஏற்றியது கூட வேலை பார்த்த இன்னொரு நர்ஸ். நோயாளியின் கையில் கட்டிய பெயர்ப் பட்டையையும் பையில் ஒட்டிய சீட்டையும் அவள் ஒத்துப்பார்க்கவில்லை. நோயாளி நடுங்கி, காய்ச்சல் கண்டு, எப்படியோ பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த நர்ஸ், எல்லோரும் பெரிய மேடம் என்று அழைத்த நர்சிங் கண்காணிப்பாளரின் அக்கா மகள். அவர் எழுதிய ரிப்போர்ட்டில் "கவனக்குறைவு" என்ற சொல்லோடு ஏறியது ரத்தப்பையின் பெயர்.

பதவி உயர்வு நின்றது. தொலைதூர ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். மகள் பள்ளிக்கூடம் போய் வருவதைக்கூடப் பார்க்க முடியாமல் ஆறு வருடம் பஸ்ஸிலேயே கழிந்தது. திரும்பி வந்தபோது கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றிருந்தார். "கண்ணுல படட்டும், பாத்துக்கறேன்" என்று புருஷனிடம் சொல்லாத வாரம் கிடையாது.

கண்ணில் பட்டார். கால் வீங்கி, மூச்சு வாங்க, ஒன்பதாம் கட்டிலில். இதயம் பலவீனம், கூடவே பழைய சர்க்கரை வியாதி.

"நீயா இங்க?" என்றார் பெரிய மேடம்.

"நான்தான் மேடம். உங்களைப் பாத்துக்கற பாக்கியம் எனக்குத்தான்."

ரத்தப்பை ஒரு விதியையும் மீறவில்லை. மீறாததில்தான் அவளுடைய ருசி இருந்தது. தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர். அளவு டம்ளரைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துக் கொடுத்தாள். உடம்பில் நீர் சேருகிறதா என்று பார்க்க, காலை ஆறு மணிக்கு எழுப்பி, தள்ளாடத் தள்ளாட எடை மேடையில் ஏற்றினாள். உப்பில்லாத தட்டை வைத்துவிட்டு நிற்பாள்.

"இதை மாடு திங்குமா?"

"உப்பு சேர்த்தா கால் இன்னும் வீங்கும் மேடம். அந்தக் காலத்துல எங்களுக்கு எடுத்த கிளாஸ்ல நீங்கதானே சொல்லுவீங்க?"

பெரிய மேடத்தின் முகம் சுருங்குவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது.

நாலாம் நாள் காலையில் வழக்கம்போல் இன்சுலின் போட்டாள். தட்டை நீட்டினாள். "சாப்பிடுங்க, வேற வழியில்லை" என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு வரி கொடுத்த சந்தோஷத்தோடு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஒன்பதாம் கட்டிலைக் கடந்தவள் நின்றாள். பெரிய மேடம் கண்மூடிக் கிடந்தார். நாடித்துடிப்பு நிதானமாக இருந்தது.

"தூங்கறாங்க, விடுங்க சிஸ்டர்" என்றார் டியூட்டி டாக்டர்.

தலையணை நனைந்திருந்தது. ஃபேன் சுழன்றுகொண்டுதான் இருந்தது. அவர் தினமும் சாப்பிடுவது இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை. அந்த மாத்திரை இருந்தால் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமல் போகலாம். வேர்வைதான் காட்டிக்கொடுக்கும். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். நாற்பத்தொன்று; எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து.

"மேடம்! கண்ணைத் தொறங்க!" ஏதோ குழறினார். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். டாக்டரை உலுக்கிக் கேட்டு, மேடத்தின் கை நரம்பில் ஏற்கெனவே போட்டிருந்த ஊசி வழியாக குளுக்கோஸ் ஏற்றினாள். கால் மணி நேரத்தில் மறுபடி குத்தினாள். நூற்றுப் பதினெட்டு. பெரிய மேடம் கண் திறந்து, "யாரு என்னை நனைச்சது?" என்று எரிந்து விழுந்தார்.

கட்டிலுக்கடியில் குப்பைக்கூடை இருந்தது. காலைச் சாப்பாடு முழுவதும் அதற்குள் கிடந்தது.

இன்சுலின் போட்டால் ஆள் சாப்பிட்டாரா என்று பார்த்தே ஆகவேண்டும். பார்க்கவில்லை. இத்தனை வருடம் பொய்யாகச் சுமந்த "கவனக்குறைவு" என்ற அந்தச் சொல், இன்று பொய்யில்லை.

நோட்டை எடுத்து நடந்ததை அப்படியே எழுதினாள். "உணவு உட்கொண்டதை நான் உறுதி செய்யவில்லை."

மறுநாள் விசாரிக்க இப்போதைய கண்காணிப்பாளர் கட்டிலருகே வந்தார். பெரிய மேடம் முந்திக்கொண்டார். "அந்தப் பொண்ணு மேல தப்பில்லை. நான் சாப்பிடற மாதிரி நடிச்சேன். அவ நின்னு பாத்துட்டுத்தான் போனா. அப்படியே எழுதிக்குங்க."

"அப்படி எழுத வேணாம்" என்றாள் ரத்தப்பை. குரல் நடுங்கியது, கோபத்தில். "நான் பாக்கலை. தப்பு செஞ்சவ பேரைத்தான் எழுதணும்."

"உன்னைக் காப்பாத்தத்தானே சொல்றேன்!"

"என்னைக் காப்பாத்த வேணாம் மேடம். அன்னிக்கு ரத்தம் மாத்தி ஏத்தினது யாருன்னு எழுதிக் கொடுங்க. போதும்."

"அது எப்படி எழுதுவேன்? அவ என் அக்கா பொண்ணுடி!"

சொன்னது என்னவென்று பெரிய மேடத்துக்கே அப்புறம்தான் உறைத்தது. கண்காணிப்பாளர் பேனாவை மூடாமல், "எந்த அக்கா பொண்ணு மேடம்?" என்று கேட்டார்.

பழைய கோப்பு மறுபடி மேலே வந்தது. இன்சுலின் விஷயத்துக்கு ரத்தப்பைக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். மாதம் ஒன்று கழித்து, பழைய ரிப்போர்ட்டிலிருந்து அவள் பெயரை நீக்கிய உத்தரவும் வந்தது. பெரிய மேடம் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இவளும் மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பிய நாளில் சக்கர நாற்காலியின் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"தினமும் எடை பாக்கணும். ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா?"

"தெரியும்."

"சொல்லுங்க."

பெரிய மேடம் பல்லைக் கடித்தார். "உடனே வரணும்."

"யார்கிட்ட?"

நாற்காலி தள்ளுபவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த வார்டு சிஸ்டர்கிட்ட."

வழிவிட்டாள். மனசு ஆறிவிட்டது என்று சொல்லமுடியாது. ஆனாலும் அன்று மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.