முகத்தைப் பார்த்துவிட்டு அழுங்கள்

துக்க வீட்டுக்குள் நுழைந்ததும் அமராவதி அழுவதில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் பிணத்தருகே போவாள். முகத்தைத் துணி மூடியிருந்தால் விலக்குவாள். இல்லாவிட்டால் குனிந்து, நெற்றியிலிருந்து முகவாய் வரைக்கும் ஒருமுறை உற்றுப் பார்ப்பாள். பிறகு நிமிர்ந்து, சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்களிடம், "ம், அவருதான். மூஞ்சியப் பாத்தாச்சு, இப்ப அழுங்க" என்பாள். சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து பந்தல் காலில் சாய்ந்து நின்றுகொள்வாள்.

ஓடக்கரைத் தோட்டத்துக்குப் புதிதாக வாழ வந்த மருமகள்கள் இவளுக்குப் புத்தி கொஞ்சம் பிசகு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பழைய ஆட்களுக்கு விஷயம் தெரியும். அவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

வயது ஐம்பதை நெருங்குகிறது. குட்டை உருவம், அகலமான பாதம், முழங்கை வரைக்கும் முள் கீறிய தழும்பு. வெட்டிய குலையிலிருந்து சிதறிய செம்பனைக் கொட்டைகளைப் பொறுக்கிச் சாக்கில் போடுவது வேலை. கணவன் செல்லனுக்குக் கால் வீங்கி வேலை போய்விட்டது. தோட்டம் கொடுத்த லயத்து வீடு இவள் பேரில் இருக்கிறது, இவள் வேலையில் இருக்கும் வரைதான் இருக்கும். நான்கு வருஷமாக ஒருநாள் விடுப்பு எடுத்ததில்லை. காய்ச்சலோடு வேலைக்குப் போய் மரத்தடியில் வாந்தி எடுத்துவிட்டு மறுபடி பொறுக்கியிருக்கிறாள். குழாயடியில் யாராவது இவள் வாளியைத் தூக்க வந்தால் கையைத் தட்டிவிடுவாள். "வுடு. என் வேலைய நான் செஞ்சிக்கிறேன். எனக்காக ஒருத்தியும் செய்ய வேணாம்."

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கோலசிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தட்டச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். போன மாதம் திலகம் என்ற பெண் என்னிடம் ஒரு மனு எழுத வந்தாள். ரவாங்கில் தொழிற்சாலை வேலை, பத்தொன்பது வயது. தன் தாய் அன்னம்மா திருடி அல்ல என்று அரசாங்கம் எழுதித் தரவேண்டும் என்றாள். சுங்கை சோவிலிருந்து பெண் கேட்டு வந்தவர்கள் தோட்டத்தில் விசாரித்துவிட்டு, திருடி மகள் வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார்களாம். மனுவுக்குச் சாட்சி வேண்டும். அதற்காக நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓடக்கரைக்கு சைக்கிள் மிதித்தேன்.

நடந்தது எண்பத்து மூன்றில். செம்பனை ஓலைகளைப் புழு தின்று தோட்டமே எலும்பாக நின்றது. மருந்தடிக்க ஒரு மஞ்சள் விமானம் வந்தது. ஒற்றை ஆள் ஓட்டுவது. எந்த வரிசை முடிந்தது, அடுத்தது எது என்று மேலிருந்து தெரியாதாகையால், வரிசையின் இரு முனையிலும் ஆட்கள் நீண்ட மூங்கிலில் வெள்ளைத் துணி கட்டித் தூக்கிப் பிடிக்க வேண்டும். விமானம் தலைக்கு மேல் போனதும் நான்கு மரம் தள்ளிப் போய் நிற்க வேண்டும். மருந்து அவர்கள் மேலும் விழும். அதற்குத் தலையில் ஒரு சாக்கு. ஒரு முனையில் கொடி பிடிக்க அமராவதிக்கு உத்தரவு, மறுமுனையில் சோமு என்கிற தொழிலாளி.

அன்றைக்குத் தஞ்சோங் காராங்கில் அமராவதியின் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. விடுப்புக் கேட்டால் கிடைக்காது. தோட்டத்தில் அதற்கு ஒரு வழி இருந்தது. விடியற்காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில், கணக்கு எழுதும் கிராணி பெயர் வாசிக்கும்போது, போகமுடியாதவளுக்குப் பதிலாக வேறொருத்தி சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு "வந்துட்டேன்" என்பாள். இருட்டில் முகம் தெரியாது. தெரிந்தாலும் வேலை வாங்கும் மண்டோர் நல்லசாமி பார்க்கமாட்டார். தீபாவளிக்கு ஒரு கோழி அவர் வீட்டுக்குப் போய்விடும். பிரசவம், பிள்ளைக்குக் காய்ச்சல், தாய்வீட்டுச் சாவு என்று அந்தத் தோட்டத்தில் இப்படி ஆள் மாற்றாத பெண் ஒருத்தி கிடையாது. அமராவதி பக்கத்து வீட்டு அன்னம்மாவைக் கேட்டாள். அன்னம்மா விதவை. நிரந்தர வேலை இல்லை, குத்தகைக்காரனிடம் அவ்வப்போது புல்வெட்டு. அரைநாள் கூலி கிடைக்குமே என்று ஒத்துக்கொண்டாள்.

"அவளா வரல தம்பி. நான்தான் கேட்டேன்" என்று முதல் ஞாயிற்றுக்கிழமையே அமராவதி என்னிடம் சொன்னாள். "கொடி புடிக்கிறது லேசு வேலைலா, சும்மா நின்னா போதும்னு சொன்னேன். என் வாயால சொன்னேன்."

பத்து மணி சுமாருக்கு விமானம் ஒரு மரத்தின் உச்சியில் உரசி, அன்னம்மா நின்ற முனையில் விழுந்து எரிந்தது. விமானி ஈப்போக்காரச் சீனப் பையன், இருபத்தாறு வயது. அவனும் பிழைக்கவில்லை.

அமராவதி மதியம் இரண்டு மணிக்கு, கையில் புளிச்சாதத் தூக்கோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தாள். தன் வீட்டு வாசலில் கூட்டம். செல்லன் தரையில் புரண்டு கதறுகிறான். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அமராவதியின் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைக்கிறார்கள். பெயர்ப் பட்டியலில் அமராவதி என்றிருந்தது, உடலில் அடையாளம் காண ஒன்றும் மிஞ்சவில்லை. போதாதா? அந்தக் கூட்டத்தின் நடுவே, தோளில் துண்டோடு கண்ணைத் துடைத்தபடி நின்றவர் மண்டோர் நல்லசாமி. காலையில் யார் கையில் மூங்கிலைக் கொடுத்தோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே நான்கு மணி நேரம் அழுதிருக்கிறார்.

"என்னயப் பாத்ததும் ஒருத்தி 'ஐயோ'ன்னு கத்துனா. அப்புறம் எல்லாம் கப்சிப். செத்தது அன்னம்மான்னு தெரிஞ்சதும் ஒருத்திக்கும் அழுகை வரல தம்பி. மூக்கச் சிந்திட்டு, முடிய முடிஞ்சிக்கிட்டு எந்திரிச்சாளுங்க. எனக்கு அழுததுல பாதியாச்சும் அவளுக்கு அழுதிருக்கலாம்லா? அந்தப் புள்ளைங்க ரெண்டும் ஸ்கூல் சட்டையோட வாசல்ல நின்னுச்சுங்க."

அழமுடியாமல் போனதற்குக் காரணம் இருந்தது. அன்னம்மா அங்கே என்ன செய்தாள் என்று போலீஸ் கேட்டால் ஆள் மாற்று வெளியே வரும். மண்டோருக்கும் கிராணிக்கும் வேலை போகும், ஆள் மாற்றின அத்தனை பெண்களுக்கும் போகும், வேலையோடு வீடும் போகும். சாயங்காலத்துக்குள் கிராணி கதையை முடித்துவிட்டார். அமராவதி ஒன்பது மணி வரை கொடி பிடித்தாள், வயிற்றுவலி வந்து வீட்டுக்குப் போனாள். அன்னம்மா திருட்டுத்தனமாகக் கொட்டை பொறுக்க நுழைந்தவள். சோமு, புகையில் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னான். அடுத்த மாதமே அவனுக்குத் தோட்டத்து லோரி ஓட்டும் வேலை கிடைத்தது. அமராவதியும் அந்தக் காகிதத்தில் பெருவிரலை வைத்தாள். திருடியின் குடும்பத்துக்குத் தோட்டத்தில் இடமில்லை என்று திலகத்தையும் தம்பியையும் பதினைந்தாம் நாள் வெளியே அனுப்பினார்கள்.

மற்றபடி ஓடக்கரை மக்கள் அந்த விபத்தை நன்றாகவே கொண்டாடினார்கள். இறக்கைத் தகடு ஒருவர் வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கூரையாயிற்று. விழுந்த இடத்தின் பிளாக் நம்பரை நான்கு நம்பர் லாட்டரிக் கடையில் எல்லாரும் எடுத்தார்கள், விழவில்லை. விமானி துள்ளத் துடிக்கப் போனவனாயிற்றே, ஆவி அலையும் என்று அந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் துணி சுற்றி, வருஷாவருஷம் கோழியும் சுருட்டும் வைத்துப் படைக்கிறார்கள். அன்னம்மாவுக்குக் கல் கிடையாது. கல் நட்டால் அவள் அங்கே ஏன் நின்றாள் என்று யாராவது கேட்பார்களே!

கேட்கவும் கேட்டாள் ஒருத்தி. முதல் வருஷப் படையலன்று விமானியின் தாய் ஈப்போவிலிருந்து கார் பிடித்து வந்தாள். ஆரஞ்சுப் பழங்களை வைத்துக் கும்பிட்டுவிட்டு, மகனோடு செத்த இன்னொருவர் வீடு எது, அங்கேயும் கொடுக்கவேண்டும் என்று உடைந்த மலாயில் கேட்டாளாம். நல்லசாமி, "தாக் அடா" என்றாராம். அப்படி யாரும் இல்லையாம். இதைச் சொல்லும்போது மட்டும் அமராவதி என் முகத்தைப் பார்க்கவில்லை. "நானும் அங்கதான் நின்னேன் தம்பி. நானும் வாயத் தொறக்கல."

இவ்வளவும் சொன்னவள், மனுவை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். முதல் ஞாயிறும் அப்படித்தான், இரண்டாம் ஞாயிறும் அப்படித்தான். "நீங்க எழுதிட்டு சைக்கிள்ல ஏறிப் போயிருவீங்க. நான் இந்தக் கால் வீங்குன மனுசன எங்க கூட்டிட்டுப் போவேன்? போலீசுல பொய் சொன்னதுக்கு என்னயத்தான புடிப்பான்?" எனக்குக் கோபம் வந்தது. மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன்.

மூன்றாம் ஞாயிறு இந்த வருஷத்துப் படையல். திலகமும் வந்திருந்தாள். வெயில் சாய்ந்திருந்தது. மஞ்சள் துணிக் கல்லுக்கு முன்னால் நல்லசாமி சூடம் காட்டி முடித்து, வாழையிலையில் சோறு வைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். திலகம் கடைசியில் நின்றாள். அவளிடம் இலையை நீட்டி, நல்லசாமி மிகவும் கனிவாகச் சொன்னார்:

"சாப்புடு தாயி. உங்கம்மா என்னமோ வயித்துக்கு இல்லாத கொடும, நாலு கொட்டை பொறுக்க வந்துட்டா. அதப் போயி இன்னும் மனசுல வெச்சிக்கிட்டு... நாங்க யாரும் தப்பா நெனைக்கலலா."

திலகம் இலையை வாங்கவில்லை. "எங்கம்மா காலையில எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க, கொடி புடிக்கப் போறேன்னு" என்றாள். யாரும் நிமிரவில்லை.

அமராவதி எச்சில் கையோடு எழுந்தாள். "நீ நெனைக்க மாட்ட நல்லசாமி" என்றாள். மண்டோரை அந்தத் தோட்டத்தில் ஒரு பெண் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல்முறையாக இருக்கும். "அவ பொறுக்க வரல. எம்பேரச் சொல்லி பெரட்டுல நின்னா. மூங்கில அவ கையில குடுத்தவன் நீ. நான் புளிச்சோறு தின்னுக்கிட்டு இருந்தேன்."

"அக்கா, யோசிச்சுப் பேசு. வீடு போயிரும்" என்று பக்கத்திலிருந்த சின்னத்தாய் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"போவட்டும்."

கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்து, காகிதத்தை எடுக்கச் சொன்னாள். சைக்கிள் இருக்கையின் மேல் மனுவை விரித்தேன். சாட்சிகளுக்கென்று கீழே ஆறு கோடு போட்டிருந்தேன். மைப்பெட்டியைத் திறந்தேன். இடது பெருவிரலை அழுத்தி, முதல் கோட்டில் வைத்தாள். பிறகு பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பெண்களின் வரிசைக்குப் போனாள்.

"சின்னத்தாயி, உன் மூணாவது பிரசவத்துக்கு யாரு நின்னா? அன்னம்மாதான?"

சின்னத்தாய் கைகளைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அடுத்தவளிடம் பெட்டியை நீட்டினாள். அவள் இலையைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்தாள். வேலம்மா பிள்ளைக்கு மூக்குத் துடைத்தாள். அந்த வரிசையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி நீட்டினாள். கடைசியில் சோமு, லோரிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனான்.

அமராவதி திரும்பி வந்தாள். ஒற்றை ரேகை மட்டும் இருந்த மனுவைப் பார்த்தாள். திலகம் அவள் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரே ஒரு சாட்சி முறைப்படி செல்லாது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அமராவதி தன் சுட்டுவிரலை மையில் அழுத்தி இரண்டாவது கோட்டில் வைத்தாள். பிறகு நடுவிரலை எடுத்தாள்.