அம்மா கம்பஸுக்குப் போன நாள்

அம்மா முதன்முதலாகக் கம்பஸுக்குப் போன நாளில், ஒரு பெரிய மனிதர் முன்னால் நான் அவளுடைய மானத்தை வாங்கிவிட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அந்த வருடம் சனிக்கிழமைதோறும் அக்கரைப் பல்கலைக்கழகத்திலிருந்து கம்பஸ் பிள்ளைகள் ஓடமேறி ஊருக்கு வந்தார்கள். விரலில் குத்தி இரத்தம் பார்த்தார்கள், எங்களுக்குப் பூச்சிக் குளிசை தந்தார்கள், பெண்களுக்குக் காளான் வளர்க்கக் காட்டிக்கொடுத்தார்கள். அவித்த வைக்கோலைப் பையில் அடைத்து, வித்திட்டு, இருட்டுக் கொட்டிலில் தொங்கவிட வேண்டும். மழைக்குத் தானாக முளைக்கிறதைப் படித்துவிட்டு வந்து சொல்லித்தருகிறார்களாம் என்று அப்பா சிரித்தார். முதல் காளான் கறிக்கு இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டவரும் அவர்தான்.

அம்மா சிரிக்கவில்லை. என் பழைய கொப்பியொன்றில் எல்லாவற்றையும் எழுதினாள். ஏன் அவிக்க வேண்டும், எவ்வளவு சூடு வேண்டும், வித்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு, சொல்லித்தந்த மிஸ்ஸுக்கு வியர்க்க வைத்தாள்.

"அக்கா, நீங்க கேக்கிறது எங்கட சோதினையிலகூட வரல்ல" என்று அந்த மிஸ் ஒருநாள் சொன்னபோது, அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததே கிடையாது.

பயிற்சி முடிந்ததும் காளான் விற்பதற்குக் கம்பஸில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஓடத்தில் வாவியைக் கடக்க, அக்கரைத் துறையடிக்கு பஸ் வந்திருந்தது. பெரியம்மாவும் ஊர்ப் பெண்களும் ஏறினார்கள். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டாள். கலியாண வீடுகளுக்கு மட்டும் கட்டுகிற நீலச் சாறியைக் கட்டியிருந்தாள். மத்தியானத்துக்கு முன்பே காளான் எல்லாம் விற்றுப்போயிற்று. எல்லோரும் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டிருந்தபோது அம்மாவைக் காணவில்லை.

தேடிக்கொண்டு போனேன். ஒரு பெரிய விரிவுரை மண்டபத்தின் கதவு திறந்து கிடந்தது. ஒருவருமில்லாத வாங்குகளுக்கு நடுவே அம்மா தனியே இருந்தாள். பலகையில் யாரோ அழிக்காமல் விட்டுப்போனதைக் காளான் கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பஸ் வெளிக்கிடப் போகுது."

"கொஞ்சம் இரு மகள். இந்த வரி முடியட்டும்."

அப்போது அங்கே பாடம் எடுக்கிற ஒரு சேர் உள்ளே வந்தார். அவர் கோபிக்கவில்லை. "யாரம்மா? என்ன வேணும்?" என்றுதான் கேட்டார். அம்மா எழும்பிய வேகத்தில் பேனை விழுந்து வாங்குக்குக் கீழே உருண்டது.

"ஒண்டுமில்ல சேர். பிள்ளை தண்ணி கேட்டாள். தேடி வந்தனாங்க."

"நான் கேக்கல்ல" என்றேன் உரக்க. "அம்மாதான் இஞ்ச ஒளிச்சிருந்து எழுதினவ."

பொய் சொல்லக்கூடாதென்று எனக்குச் சொல்லித்தந்தவள் அவள்தானே. சேர் கொப்பியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "இருந்து எழுதுங்க. அவசரமில்ல" என்றார். அம்மா இருக்கவில்லை. விழுந்த பேனையைக்கூட எடுக்காமல் என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அதன் பிறகு கம்பஸிலிருந்து எத்தனையோ தரம் அழைத்தார்கள். ஒவ்வொரு தரமும் பெரியம்மாவைத்தான் அனுப்பினாள். கொட்டில் மட்டும் ஒன்று மூன்றாகப் பெருகியது.

அம்மாவுக்கும் ஒருகாலத்தில் கம்பஸில் படிக்க இடம் கிடைத்ததென்று பெரியம்மா சொன்னபோது, நானே உயர்தரச் சோதினை எழுதி முடித்திருந்தேன். கடிதம் வந்த வருடம் சண்டை மும்முரம். வாவியைக் கடந்தால் ஆமியின் சோதனைச் சாவடி. குமர்ப்பிள்ளையை அனுப்ப வீட்டில் யாருக்கும் துணிவில்லை. அடுத்த வருடம் கலியாணம், அதற்குப் பிறகு நான்.

கம்பஸுக்குப் போன அன்று பின்னேரம், திரும்பி வரும் ஓடத்தில் அடி விழும் என்று பயந்து, பெரியம்மாவின் சாறியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடு வாவியில் அம்மாவே என் பக்கத்தில் வந்து நின்றாள். விட்டுவந்த கரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"மூண்டாவது வரிசையில இருந்தா, பலகை நல்ல வடிவாத் தெரியுது மகள்."

பள்ளிக்கூடத்தில் நான் கடைசி வாங்கில் இருக்கிறதை யாரோ கோள் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"சரியம்மா" என்றேன். "திங்கக்கிழமையில இருந்து நான் முன்னுக்கு இரிக்கன்."