டிவியில் வந்த பிறகு

தாம்பரத்தில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை செய்கிறேன். ஆர்டர்படி மருந்துகளை எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்கி, ஊர் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். எனக்கு ஆட்டிசம் என்பது கூட வேலை செய்யும் மூன்று பேருக்கும் முதலிலிருந்தே தெரியும். அதனால் எனக்குத் தனிச் சலுகை எதுவும் கிடைத்ததில்லை. ஸ்டிக்கரை மாற்றி ஒட்டியவன் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு டீ வாங்கப் போக வேண்டும்.

"மச்சான், பல்லாவரம் சரக்கு குன்றத்தூர் போவுது. கண்ணு இன்னா முதுகுல கீதா? தூக்கு ஃபிளாஸ்க்க!"

அப்போதெல்லாம் நானும் சிரித்துக்கொண்டே போவேன்.

ஆட்டிசம் உள்ளவர்கள் வேலைக்குப் போவது பற்றி ஒரு நிகழ்ச்சி என்று டிவிக்காரர்கள் வந்தார்கள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். என் வேலை எப்படிப்பட்டது என்று அம்மா பார்த்ததில்லை. பார்க்கட்டும் என்று ஒத்துக்கொண்டேன். கேமரா முன்னால், கூட வேலை செய்பவர்களைக் காட்டி, "சத்தம் எனக்குக் கஷ்டம். ஆனால் இவர்கள் கத்துவது மட்டும் பிடிக்கும்" என்றேன்.

ஒளிபரப்பில் முதல் வாக்கியம்தான் வந்தது. நான் ஜன்னலோரம் தனியாக நின்றேன். டிவிக்காரர்கள்தான் அங்கே நிற்கச் சொன்னார்கள். வயலின் அழுதது. "இந்தத் தெய்வக் குழந்தை" என்றது ஒரு பெண் குரல். எனக்கு இருபத்தாறு வயது. நான் ஸ்டிக்கர் ஒட்டுவதைக் காட்டவே இல்லை.

"எவ்ளோ அழகா காட்டிட்டாங்க!" என்று அம்மா சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் செய்தாள். அவளிடம் என்ன சொல்ல?

மறுநாள் கிடங்கு அமைதியாக இருந்தது. பேச வேண்டியதைக் காதோடு பேசினார்கள். என்னிடம் வந்தபோது, "சாப்ட்டியா பா?" என்றார்கள், மெதுவாக. 'மச்சான்' என்று கூப்பிடுவது போய்விட்டது.

"நான் பேசுனத பாதி வெட்டிட்டாங்க" என்றேன்.

"வுடு பா, டென்ஷன் ஆவாத."

அன்று சிட்லபாக்கம் பெட்டியில் மேடவாக்கம் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டேன். தெரியாமல்தான். ஒருவன் பார்த்தான். சத்தமில்லாமல் உரித்து, சரியானதை ஒட்டினான். நான் காத்திருந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. நானே ஃபிளாஸ்க்கை எடுத்து, கழுவுவதற்காக மூடியைத் திறந்தேன். அவன் ஃபிளாஸ்க்கை மெல்ல வாங்கிக்கொண்டான்.

"நீ உக்காரு பா. வெளிய ஒரே ஹாரன். நாங்க வாங்கினு வரோம்."

மூன்று பேரும் போனார்கள். கொஞ்ச நேரத்தில் தெருவிலிருந்து பழைய சத்தம் கேட்டது.

"டேய், மூடி எங்கடா? கையிலயா டீ புடிச்சினு போவ, லூசு!"

மூடி என் கையில் இருந்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.