மதிவதனி முகத்து மங்கு

2024 பிப்ரவரி 9. பாபநாசம் பக்கத்தில் சம்பா அறுவடை மும்முரமாக நடந்த அன்று மதிவதனிக்கு ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. எட்டாம் மாதம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத் தங்கிய கரு. கணவன் சதீஷ் குவைத்தில். அவனுக்கு லீவு கிடைப்பதற்குள் சொந்தக்காரர்கள் அடக்கம் செய்துவிட்டார்கள். போட்டோ எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

மிஞ்சியது அவள் முகத்து மங்குதான். ஐந்தாம் மாதம் இரண்டு கன்னத்திலும் மேலுதட்டிலும் டீத்தண்ணி சிந்திக் காய்ந்த மாதிரி படர்ந்தது. அப்போதெல்லாம் சதீஷ் வீடியோ காலில், கிட்டே காட்டு, இன்னும் ஏறியிருக்கா பார்ப்போம் என்பான். பிள்ளை வளர்வதை அவன் அந்தக் கறுப்பில்தான் பார்த்தான். பிப்ரவரிக்குப் பிறகு அவன் கேட்கவில்லை. பார்த்தால் அவனுக்கு மனசு தாங்காது என்று அவளும் போனில் முகத்தை வெளுப்பாக்கிக் காட்டும் வசதியைப் போட்டுக்கொண்டாள்.

குறுவை நெல்லைத் தார்ரோட்டில் பரப்பிக் காலால் துழாவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வயல்காரி கேட்டாள்: "என்ன மதி, சட்டி தேய்ச்ச கையோட மூஞ்சியத் தொடச்சிட்டியா?"

கூட இருந்தவர்கள் சிரித்தது மாமியார் பூவம்மாளுக்குச் சுருக்கென்றது. மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே ஒரு டியூப் வாங்கிவந்து, மகன் வருவதற்குள் முகம் தெளியட்டும் என்று தன் கையாலேயே பூசிவிட்டாள். மூன்று வாரத்தில் வெளுத்தது. மதிவதனி கண்ணாடி முன்னால் எதையோ தொலைத்தவள்போல் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். அப்புறம் தோல் சிவந்து, வெயில் பட்டாலே எரிந்து, மங்கு முன்னைவிட அடர்த்தியாகத் திரும்பி வந்தது.

தஞ்சாவூர் தோல் டாக்டர் அம்மா டியூபைப் புரட்டிப் பார்த்தார். இதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, தோலை மெலியவைக்கும், இனித் தொடாதீர்கள் என்றார். கர்ப்பத்தில் மங்கு வருவது சகஜம், பலருக்குப் பிரசவத்துக்குப் பின் தானே குறையும், இவளுக்கு ரோட்டு வெயில்தான் அதைப் போகவிடவில்லை என்று விளக்கினார். தினமும் சன்ஸ்கிரீன், வெளியே போனால் குடை. சிவப்பு அடங்கியபின் இரவில் வேறொரு களிம்பு, அதுவும் அவர் சொல்லும் காலம்வரைதான். மாதக்கணக்கில் ஆகும், முழுசாகப் போகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. பூவம்மாள் தலையைத் தலையை ஆட்டினாள். மதிவதனி மருந்துச் சீட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சதீஷ் வீடியோ காலில் கூப்பிட்டான். டாக்டர் சொன்னதையெல்லாம் ஒப்பித்துவிட்டு அவள் கேட்டாள்: "இதுவும் போயிட்டா, அவன் இருந்தான்னு சொல்ல நம்மகிட்ட என்னங்க இருக்கு?"

அவன் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

"அந்த வெளுப்பா காட்டுறத ஆஃப் பண்ணு மதி," என்றான். "கிட்ட காட்டு."

காட்டினாள். கண் எடுக்காமல் பார்த்தான்.

"நான் வந்து நேர்ல பாத்துக்கறேன். அதுவரைக்கும் களிம்பு வேணாம்."

அடுக்களையில் இருந்த பூவம்மாளுக்கு எல்லாம் காதில் விழுந்தது. வாங்கிவந்த களிம்பை அவளே எடுத்து அலமாரியில் வைத்தாள்.

இப்போது மதிவதனி சன்ஸ்கிரீன் பூசி, குடை பிடித்துத்தான் வயலுக்குப் போகிறாள். சிவப்பு அடங்கிவிட்டது. இரவுக் களிம்பு பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. பொங்கலுக்கு முந்தின வாரம் சதீஷ் திருச்சியில் வந்து இறங்குகிறான்.